நிகழ்வு ஆய்வு: பழைய ஆர்பிஜி நிரல்களை ஃப்ரீ ஃபார்மட்டுக்கு மாற்றியபோது

இந்த ஆய்வில் வரும் நிறுவனம் உதிரி பாகங்களை மொத்தமாக விற்கிறது. ஆர்டர், பில், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் நிலுவை என்று அதன் அன்றாட வேலை முழுக்க ஐபிஎம் ஐ என்ற இயந்திரத்தில், ஆர்பிஜி என்ற மொழியில் எழுதிய நிரல்களில் ஓடுகிறது. பழைய ஆட்கள் இன்றும் அந்த இயந்திரத்தை ஏஎஸ்/400 என்றுதான் சொல்கிறார்கள். நிரல்களில் பெரும்பகுதி அந்தப் பெயர் புழங்கிய காலத்தில் எழுதியவை. சில அதற்கும் முந்தைய சிஸ்டம்/38-இலிருந்து வந்தவை. அவற்றை ஃப்ரீ ஃபார்மட் என்ற, வரியில் இடம் பார்க்காமல் எழுதும் இன்றைய நடைக்கு மாற்றும் குழுவில் நான் இருக்கிறேன். வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் எது சரியாக வந்தது, எது மாத முடிவில் நின்றுபோனது, ஏன் நின்றது என்று எழுதிவைக்கும் அளவுக்கு நடந்திருக்கிறது.

ஆர்பிஜியில் பழைய கட்டளையும் அதற்குப் பதிலாக வரும் புதிய கட்டளையும் ஒரே வேலையைச் செய்வதுபோலத்தான் தெரியும். பல இடங்களில் செய்வதில்லை. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. நடையை மாற்றுவது வெறும் தோற்ற வேலை என்று தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இடம் பார்த்து எழுதும் மொழி

ஆர்பிஜி 1959-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1401 இயந்திரத்துக்காக, துளை அட்டைகளிலிருந்து அறிக்கை அடிப்பதற்கு வந்த மொழி. ஓர் அட்டையில் 80 நெடுவரிசைகள். எந்தத் தகவல் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதுதான் இலக்கணம். 6-ஆவது இடத்தில் ஓர் எழுத்து: எஃப் என்றால் கோப்பு, சி என்றால் கணக்கு. 1994-ல் ஆர்பிஜி 4 வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. கணக்கு வரியில் 12 முதல் 25 வரை முதல் காரணி (கட்டளைக்குக் கொடுக்கும் முதல் மதிப்பு), 26-லிருந்து 35 வரை கட்டளை, 36 முதல் 49 வரை இரண்டாம் காரணி, 50 முதல் 63 வரை விடை, 71 முதல் 76 வரை மூன்று இண்டிகேட்டர்கள், அதாவது ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் இரண்டு இலக்கக் குறிகள். ஓர் எழுத்து தள்ளிப்போனால் அர்த்தமே மாறிவிடும்.

2001-ல் இயங்குதளத்தின் வி5ஆர்1 பதிப்பில் கணக்கு வரிகளை மட்டும் இடக்கட்டுப்பாடு இல்லாமல் எழுத வழி வந்தது. அதுவும் முழுச் சுதந்திரம் இல்லை. 8-ஆவது இடத்துக்கும் 80-க்கும் இடையில்தான் எழுத வேண்டும். கோப்பு, மாறி அறிவிப்புகள் பழையபடி இடம் பார்த்தே இருந்தன. ஆகவே 2001-க்கும் 2013-க்கும் இடையில் எழுதிய நிரல்களைத் திறந்தால் பாதி புதுசு, பாதி பழசு. நடுநடுவே ஃப்ரீ தொடக்கம், ஃப்ரீ முடிவு என்ற குறிகள். பலர் அந்த ஒட்டுவேலையைப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பழையதே தேவலை என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவில் நியாயம் இருந்தது. 2013-ல் 7.1 பதிப்பின் ஏழாவது டெக்னாலஜி ரெஃப்ரெஷ் என்ற இடைக்கால மேம்பாடு வந்தபோது அறிவிப்புகளும் விடுபட்டன. 2015-ல் முதல் வரியில் இரண்டு நட்சத்திரக் குறியும் ஃப்ரீ என்ற சொல்லும் போட்டுவிட்டால், முதல் இடத்திலிருந்தே எழுதலாம் என்றானது. இன்று ஆர்பிஜியைக் குறை சொல்பவர்களில் பலர் 2013-க்கு முந்தைய ஆர்பிஜியைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிறுவனத்தில் மாற்றம் வேண்டும் என்று வந்ததற்குக் காரணம் அழகு இல்லை. பழையவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகள் ஜாவாவும் பைத்தானும் படித்தவர்கள். இரண்டு இலக்க எண்களில் இண்டிகேட்டர்களும், ஆறு எழுத்துக்கு மேல் போகாத மாறிப் பெயர்களுமாக இருக்கும் நிரலை அவர்களால் படிக்க முடிகிறது, நம்பித் திருத்த முடியவில்லை. நிர்வாகமும் சம்மதித்தது. நிரலைத் தானாகப் புதிய நடைக்கு மாற்றித் தரும் ஒரு கருவி வாங்கி, பில்லிங் தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்று முடிவானது.

நூறு கோடியில் நின்ற வேலை

கருவி தன் வேலையைச் செய்தது. கம்பைல் ஆனது. டெஸ்டிங்கில் எல்லாம் தேறியது. நேரலைக்குப் போய், தினசரி வேலைகள் ஒழுங்காக ஓடின. மாத முடிவு இரவில் கிடங்குக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிக்கும் வேலை பாதியில் நின்றது. 0103 எண் பிழை: விடையை வைத்துக்கொள்ள இலக்குப் புலம், அதாவது விடைக்கு ஒதுக்கிய இடம், போதவில்லை. இயந்திரம் ஆபரேட்டரிடம் சி, ஜி, டி, எஃப் என்ற நான்கு பதில்களில் ஒன்றைக் கேட்டுக் காத்திருந்தது. அவர் சி கொடுத்து ரத்து செய்தார். காலையில் கிடங்கில் கோப்பு இல்லை.

நின்ற இடம் ஒரே ஒரு கூட்டல். கோப்பின் கடைசிப் பதிவில் ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகை போகும். ஹேஷ் டோட்டல் என்பார்கள். கோப்பில் உள்ள எல்லாப் பாக எண்களையும் கூட்டி வரும் தொகை அது. பாக எண்களைக் கூட்டினால் வியாபார ரீதியில் எந்த அர்த்தமும் இல்லை. அனுப்பியவரும் பெற்றவரும் தனித்தனியே கூட்டிப் பார்த்து, ஒத்துப்போனால் ஒரு பதிவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் பாக எண் ஆறு இலக்கம், கூட்டுத்தொகைப் புலம் ஒன்பது இலக்கம். பாக எண்ணின் சராசரியை ஐந்து லட்சம் என்று வைத்தால், 2000 வரிகளில் தொகை 100 கோடியைத் தொடும். பத்தாவது இலக்கம் வந்துவிடும்.

பழைய நிரலில் இது 'ஆட்' என்ற கூட்டல் கட்டளை. இடம் போதாவிட்டால் 'ஆட்' இடப்பக்கம் மிஞ்சும் இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுத் தொடரும். அதை எழுதியவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஹேஷ் டோட்டலில் மிஞ்சுவதை விட்டுவிடுவது அந்தக் காலக் கணக்கு நிரல்களில் வழக்கம். கருவி அதைச் சமக்குறி போட்ட சாதாரணக் கூட்டலாக மாற்றியது. ஆர்பிஜியில் சமக்குறி போட்டு எழுதும் கணக்கு, கோவை என்பார்கள், இலக்கத்தை வெட்டாது, பிழை எழுப்பும். நிரலின் தலைப்பில் இலக்கம் வெட்டுவதற்கு ட்ரங்க்-நம்பர் என்றொரு அமைப்பு உண்டு. அதை எப்படி வைத்தாலும் கோவைகளுக்குச் செல்லாது. தினசரிக் கோப்புகள் 2000 வரியைத் தொடாதவை. டெஸ்டிங்கில் போட்ட கோப்பும் சின்னது. மாத முடிவுக் கோப்புதான் முதல் முறையாக நூறு கோடியைத் தாண்டியது.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். புலத்தைப் பதினைந்து இலக்கமாகப் பெரிதாக்கினார்கள். பிழை போய்விட்டது. ஆனால் கிடங்கின் மென்பொருள் இன்னும் ஒன்பது இலக்கத்தில்தான் கூட்டுகிறது. இரண்டு தொகையும் ஒத்துப்போகவில்லை என்று அங்கே கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியான திருத்தம், ஒவ்வொரு முறை கூட்டும்போதும் 100 கோடியால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. அதற்கு 'ரெம்' என்ற உள்ளமைந்த செயற்கூறு இருக்கிறது. வரி கொஞ்சம் நீளம்தான். ஆனால் மிஞ்சும் இலக்கம் வேண்டுமென்றே விடப்படுகிறது என்பது இப்போது நிரலிலேயே எழுதியிருக்கிறது. பழைய 'ஆட்' வரியைப் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. புதிய நடையின் உண்மையான பயன் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

அதன்பின் ஒட்டுமொத்த மாற்றத்தை நிறுத்திவிட்டு, 'ஆட்', 'சப்' (கழித்தல்), 'மல்ட்' (பெருக்கல்), 'இசட்-ஆட்' (பூஜ்யமாக்கிக் கூட்டுவது) வரும் எல்லா இடத்தையும் தேடி எடுத்தோம். பெரும்பாலானவை எந்நாளும் நிரம்பாத புலங்கள். சிலவற்றில் வெட்டு வேண்டுமென்றே இருந்தது. எங்களைக் கலங்கடித்தது மூன்றாவது வகை: வெட்டு நடந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஆண்டு விற்பனைத் தொகைக்கு வைத்த புலம் ஒன்று, பெரிய வாடிக்கையாளர்களுக்குப் போதாமல் தலை இலக்கத்தை இழந்துகொண்டிருந்தது. விற்பனைப் பிரிவில் அந்த அறிக்கையை நம்பாமல் தனியே ஒரு எக்ஸெல் கோப்பு வைத்திருந்தார்கள். ஏன் நம்பவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இந்த வகைக்குப் பிழை எழும்புவதுதான் நல்லது; நிரல் நிற்கட்டும், தப்பான தொகை அச்சாகிப் போக வேண்டாம்.

10000.01

தேடும்போது 'மல்ட்' வரிகளில் ஒரு விசித்திரமான எண் திரும்பத் திரும்ப வந்தது: 10000.01. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை வட்டி விகிதம் என்று நினைத்தார். அது தேதியைத் திருப்பும் வித்தை. ஆர்பிஜியில் தேதி வகை இல்லாத காலத்தில் மாதம், நாள், ஆண்டு என்று ஆறு இலக்கத்தில் இருப்பதை ஆண்டு, மாதம், நாள் என்று மாற்ற இதைத்தான் செய்தார்கள்.

1998 டிசம்பர் 31 என்பது 123198. அதை 10000.01-ஆல் பெருக்கினால் 1231981231.98. விடை போகும் புலம் ஆறு இலக்கம், தசமம் இல்லாதது. தசமம் வெட்டுப்படும், இடப்பக்கம் மிஞ்சும் நான்கு இலக்கமும் வெட்டுப்படும். நிற்பது 981231. ஒரே வரியில் தேதி திரும்பிவிட்டது. எழுதியவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எதிர்த் திசைக்கு 100.0001.

இதையும் கோவையாக மாற்றினால் முதல் ஓட்டத்திலேயே 0103 வரும், ஆகவே ஒளிந்திருக்காது. சிக்கல் அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பதில். 'டேட்' செயற்கூற்றால் உண்மையான தேதியாக்கி, 'டெக்' செயற்கூற்றால் வேண்டிய வரிசையில் எண்ணாக எடுப்பதுதான் முறை. படித்தாலே புரிகிறது. ஆனால் எங்கள் ஆர்டர் கோப்பில் இன்னும் அனுப்பாத சரக்குக்கு அனுப்பிய தேதி 000000. பழைய பெருக்கலுக்குப் பூஜ்யம் கொடுத்தால் பூஜ்யம் வரும், பிரச்சினை இல்லை. 'டேட்' செயற்கூறு அப்படி ஒரு தேதி கிடையாது என்று 0112 பிழை எழுப்பும். கெடு இல்லை என்பதற்கு 999999 போட்டுவைத்த இடங்களும் இருந்தன. இரண்டு இலக்க ஆண்டை ஆர்பிஜி 1940-க்கும் 2039-க்கும் இடையில் வைத்துத்தான் புரிந்துகொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்டகால ஒப்பந்தங்கள் வைத்திருப்பவர்களுக்கு 2039 தூரத்தில் இல்லை.

ஆகவே தேதி திருப்புவதற்கு என்றே ஒரு புரொசீஜர், அதாவது வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்ளும் தனி நிரல் துண்டு, எழுதினோம். பூஜ்யத்துக்கும் 999999-க்கும் என்ன அர்த்தம் என்பது அதற்குள் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த அர்த்தங்களைத் தெரிந்துகொள்ளக் கணக்குப் பிரிவில் ஒருநாள் உட்கார வேண்டியிருந்தது. நிரலைப் பார்த்து மட்டும் தெரிந்திருக்காது.

'மூவ்' போன இடம்

ஒரு புலத்தின் மதிப்பை இன்னொரு புலத்துக்கு நகலெடுக்கும் 'மூவ்', 'மூவ்-எல்' கட்டளைகள் ஃப்ரீ ஃபார்மட்டில் கிடையாது. 2001-ல் இதற்காகவே பலர் புதிய நடை பக்கம் வரவில்லை. கருவிகளில் சில இவற்றை அப்படியே பழைய நடையில் விட்டுவிடும், சில ஊகித்து மாற்றும். ஊகிப்பதைவிட விட்டுவிடுவது மேல் என்பது என் கருத்து.

எங்கள் வாடிக்கையாளர் கோப்பில் பதிவைத் தேடப் பயன்படும் சாவி பத்து எழுத்து: முதல் நான்கு கிளைக் குறியீடு, அடுத்த ஆறு வாடிக்கையாளர் எண். பழைய நிரலில் கிளைக் குறியீட்டை 'மூவ்-எல்' இடப்பக்கம் வைக்கும். எண்ணை 'மூவ்' வலப்பக்கம் வைக்கும். 'மூவ்' தான் எழுதும் இடத்தை மட்டும் தொடும், மிச்சத்தை விட்டுவிடும். அதைச் சமக்குறியாக மாற்றினால் மதிப்பு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு மீதி வெற்றிடமாகும். கிளைக் குறியீடு காலி. 'ஈவால்-ஆர்' கட்டளை போட்டால் வலப்பக்கம் ஒட்டும், ஆனால் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்பும், அப்போதும் காலி. சரி, இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று 'சார்' செயற்கூற்றால் எண்ணை எழுத்தாக்கினால், 004512 என்பது 4512 ஆகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். அந்தச் சாவிக்குப் பதிவு கிடைக்காது. நிரல் நிற்காது, வாடிக்கையாளர் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். பூஜ்யங்கள் நிற்க வேண்டுமென்றால் 'எடிட்-சி' செயற்கூற்றை எக்ஸ் குறியோடு பயன்படுத்த வேண்டும்.

நாங்கள் அதையும் செய்யவில்லை. சாவியை ஒரு டேட்டா ஸ்ட்ரக்சராக அறிவித்தோம்: உள்ளே கிளை என்று நான்கு எழுத்துப் புலம், வாடிக்கையாளர் எண் என்று ஆறு இலக்க எண் புலம். இரண்டுக்கும் மதிப்பு கொடுத்தால் சாவி தானாக அமைந்துவிடுகிறது. இடமாற்றக் கட்டளையே தேவைப்படவில்லை. 'மூவ்' வரிகளில் கணிசமானவை இப்படிக் கரைந்துபோயின. ஒரு கட்டளைக்கு ஈடான இன்னொரு கட்டளையைத் தேடுவதைவிட, தரவு எப்படி இருக்கிறது என்று அறிவித்துவிடுவதுதான் நல்ல வழி.

இண்டிகேட்டர்களை எடுப்பது இதைவிடச் சுலபம். சாவி கொடுத்துப் பதிவைத் தேடும் 'செயின்' கட்டளைக்குப் பின், பதிவு கிடைத்ததா என்று 61 போன்ற ஓர் இண்டிகேட்டரைப் பார்ப்பதற்குப் பதில் 'ஃபவுண்ட்' செயற்கூறு. கோப்பின் பெயரை அதற்குள் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கடைசியாக எந்தக் கோப்பைத் தொட்டோமோ அதன் பதிலைச் சொல்லும். நடுவில் யாராவது இன்னொரு 'செயின்' சேர்த்தால் தப்பாகிவிடும். திரையோடு பேசும் இண்டிகேட்டர்களுக்கு ஒரு டேட்டா ஸ்ட்ரக்சரில் பெயர் வைத்துவிட்டால், 03 என்பது வெளியேறு என்று படிக்கலாம்.

பழையவர்களின் திரை

எதிர்ப்பு வந்தது, அதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயம் இல்லை. இடம் பார்த்து எழுதிய நிரலைப் பல வருஷம் படித்தவர்கள் வரியை வரியாகப் படிப்பதில்லை. 71 முதல் 76 வரை உள்ள பகுதியில் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாலே எங்கே கிளை பிரிகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் திறமையை நாம் ஒரே நாளில் பயனற்றதாக்குகிறோம்.

அதோடு அவர்கள் பயன்படுத்தும் எஸ்இயு எடிட்டர் 6.1 பதிப்புக்குப் பிறகு வந்த இலக்கணத்தை அறியாது. புதிய நடை நிரலை அதில் திறந்தால், சரியான வரிகளையும் பிழை என்று காட்டும். கம்பைலர் ஏற்றுக்கொள்ளும் நிரலை எடிட்டர் தப்பு என்கிறது. யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? ஆர்டிஐ அல்லது விஎஸ் கோடு போன்ற புதிய எடிட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. எடிட்டர் மாறி, அது கைக்குப் பழகிய பிறகு எதிர்ப்பில் பெரும்பகுதி தானாகக் குறைந்தது.

இன்னொரு புகாரும் சரியானதே. பழைய மூல நிரல் கோப்பில் ஒவ்வொரு வரியோடும் ஆறு இலக்க வரிசை எண்ணும், அந்த வரி கடைசியாக மாறிய தேதி ஆறு இலக்கத்திலும் இருக்கும். 112 எழுத்து நீளத்தில் முதல் 12 இதற்குத்தான். 1 முதல் 5 வரை உள்ள இடத்தில் திருத்தக் குறி போடும் பழக்கமும் இருந்தது. எந்த வரி எந்த வருஷம் எந்தக் கோரிக்கைக்காக வந்தது என்று இதை வைத்துச் சொல்வார்கள். கருவி மொத்தமாக மாற்றியதும் எல்லா வரிக்கும் ஒரே தேதி. திருத்தக் குறிகள் போயே போய்விட்டன. நிரலின் சரித்திரமே அதுதான். இப்போது பழைய மூலத்தைத் தேதிகளோடு தனி நூலகத்தில் பூட்டி வைத்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் முதல் பதிவாக ஏற்றிய பிறகே தொடுகிறோம்.

இப்போது செய்யும் முறை

வியாபாரக் கோரிக்கை வந்து ஒரு நிரலைத் திறக்க வேண்டியிருந்தால் மட்டும் அதை மாற்றுகிறோம். ஆர்பிஜி 3-ல் இருந்தால் முதலில் 'சிவிடி-ஆர்பிஜி-எஸ்ஆர்சி' கட்டளையால் ஆர்பிஜி 4 ஆக்கி, வேறு எதையும் தொடாமல் ஓட்டிப் பார்க்கிறோம். பிறகு ஃப்ரீ ஃபார்மட். அதன்பின் சப்ரூட்டீன்களைப் புரொசீஜர்களாக்கி, மாறிகளை அந்தந்தப் புரொசீஜருக்குள் மட்டும் இருக்கும் உள்ளூர் மாறிகளாக்குவது. நான் அதிகம் மதிக்கும் படி இந்தக் கடைசிப் படிதான். ஒரு மாறியை யார் எங்கே மாற்றினார்கள் என்று நிரல் முழுக்கத் தேடுவது அதோடு நிற்கிறது. படி ஒவ்வொன்றும் கிட்டில் தனிப் பதிவு. கோரிக்கைக்கான மாற்றம் எல்லாவற்றுக்கும் பிறகு. கோப்பைப் படிக்கும் செயின், ரீட் கட்டளைகளைத் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் ஆக்குவதை இதோடு கலப்பதில்லை; அது வேறு வேலை, அதற்கு வேறு சோதனை வேண்டும்.

சோதனைக்கு மாத முடிவுத் தரவின் நகலை எடுத்து, பழைய நிரலையும் புதியதையும் அதே நகலில் ஓட்டி, வெளியீட்டுக் கோப்புகளை 'சிஎம்பி-பிஎஃப்எம்' கட்டளையால் ஒப்பிடுகிறோம். ஒரு பதிவு வேறுபட்டாலும் காரணம் தெரியாமல் நேரலைக்குப் போகாது. பூஜ்யத் தேதி, எதிர்ம எண், புலம் நிரம்பும் பெரிய எண் மூன்றும் நகலில் இல்லையென்றால் நாமே சேர்க்கிறோம்.

ஒரு வகை நிரல்களை மட்டும் விட்டுவிட்டோம். ஆர்பிஜியின் பழைய சுழற்சி முறையில், முதன்மைக் கோப்பை மொழியே ஒவ்வொரு பதிவாகப் படித்து, வாடிக்கையாளர் மாறும்போது எல்1, கிளை மாறும்போது எல்2 என்று உட்தொகைகளைத் தானாக அச்சடிக்கும் நிரல்கள் அவை. முதன்மைக் கோப்பை ஃப்ரீ ஃபார்மட்டில் அறிவிக்க வழியில்லை. மாற்ற வேண்டுமென்றால் படிப்பது, உட்தொகை, பக்கத் தலைப்பு எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். அந்த அறிக்கைகள் ஒழுங்காக ஓடுகின்றன, யாரும் மாற்றம் கேட்பதும் அபூர்வம். கம்பைலர் அவற்றை இன்றும் ஏற்றுக்கொள்கிறது. கேட்கும் நாள் வந்தால் அவற்றைத் திருத்தப்போவதில்லை. கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து, அந்த அறிக்கை இன்னும் தேவையா என்பதிலிருந்து தொடங்கிப் புதிதாக எழுதுவோம்.